பக்கத்து மனையில் சாரம் போட விடாவிட்டால் பழைய வீட்டுச் சுவரை எப்படிப் பூசுவது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய தளம்) வீட்டில் குடியிருக்கிறேன். 1994-ல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரப்படி வீடு என் அப்பாவுக்கும், கிழக்கே இருந்த காலி மனை சித்தப்பாவுக்கும் வந்தன. எங்கள் கிழக்குச் சுவர் 42 அடி நீளம், கைப்பிடிச் சுவரோடு 13 அடி உயரம், தாத்தா காலத்துச் சன்னல்கள் இரண்டு அதில் உண்டு. அதை ஒட்டி அவர்கள் பக்கம் 6 அடிச் சந்து இருக்கிறது. 2011-ல் வந்த 'தானே' புயலில் சுவர் அடிபட்டது. 2012-ல் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு அந்தச் சந்தில் சாரம் கட்டிப் பூசினோம். இப்போது பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. ஒரு கொத்தனாரை வைத்துக்கொண்டு நானே வேலையைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சித்தப்பா காலமாகிவிட்டார். அவர் மகன், எனக்குத் தம்பி முறை, "உன் சன்னல் ரெண்டையும் அடைச்சிடு, சாரம் போட விடுறேன்" என்கிறான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்து, சந்தின் பின்பகுதியில் தகரச் சாய்ப்பும் போட்டிருக்கிறான். எனக்குச் சட்டப்படி வழி உண்டா?

பதில்: முதலில் சன்னல். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அவற்றை அடைக்காதீர்கள். பாகம் பிரித்த நாளிலேயே அந்தச் சன்னல்கள் இருந்தன. அவை வழியாக வெளிச்சமும் காற்றும் வந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்த, இடைவிடாத அனுபவம். பத்திரத்தில் அதற்கு மாறாக எதுவும் எழுதப்படாதவரை, 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (வெளிச்சம், காற்று, வழி என்று அடுத்தவர் மனையின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்வது) 13-ஆம் பிரிவு அதைக் காக்கிறது. 20 ஆண்டு கடந்த அனுபவம் என்பதால் 15-ஆம் பிரிவும் துணைக்கு வருகிறது. ஆனால் செங்கல் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டால், உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாக 38-ஆம் பிரிவின்படி கொள்ள முடியும். அப்புறம் உங்கள் தம்பி எல்லையை ஒட்டி மாடி எழுப்பினால் கேட்க வாய் இருக்காது. "சரி, அடைத்துவிடுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுவதுகூட எதிராகத் திரும்பும். பன்னிரண்டு நாள் வேலைக்காக நிரந்தர உரிமையைக் கொடுக்கச் சொல்கிற பேரம் இது.

அடுத்தது சாரம். சுவரைப் பழுதுபார்க்கப் பக்கத்து மனைக்குள் போக உரிமை தரும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. பூசுவதற்கும் வர்ணம் அடிப்பதற்கும் மாநகராட்சியின் கட்டட அனுமதி தேவையில்லைதான். ஆனால் அந்த விலக்கு அவர் மண்ணில் கால் வைக்கும் உரிமையைத் தராது. சொல்லாமல் நுழைந்தால் அவர் காவல் நிலையத்துக்குப் போவார். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆம் பிரிவின் குற்ற அத்துமீறலுக்குக் குற்றம் செய்யும், மிரட்டும், அவமதிக்கும் அல்லது தொல்லை தரும் நோக்கம் வேண்டும். பூச்சு வேலைக்குப் போனவரிடம் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கடினம். இருந்தாலும் விசாரணை என்று அழைத்தாலே கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவார். பாதி கொத்திய சுவர் ஐப்பசி மழையில் நனையும்.

உங்கள் பலம் அந்த 1994 பத்திரம். ஒரே குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒருவர் பாகத்தை அனுபவிக்க மற்றவர் பாகத்தின் மேல் ஒரு வசதி அவசியமானால் அது அவருக்கு உண்டு என்கிறது அதே 13-ஆம் பிரிவு. உங்கள் குடும்பச் சொத்தோடு தொடர்பே இல்லாத அடுத்த வீட்டுக்காரரிடம் இந்த வாதம் எடுபடாது. உங்களுக்கு எடுபட வாய்ப்பிருக்கிறது. எல்லையில் சுவர் நிற்கிறது என்று தெரிந்தேதான் இரு தரப்பும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தை எடுத்து, கிழக்குச் சுவர் முழுவதும் உங்கள் பாகம் என்று இருக்கிறதா, பொதுச் சுவர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பொதுச் சுவர் என்றால் நிலைமை மாறும்: பராமரிப்பில் அவருக்கும் பங்கு உண்டு, அவர் இருபுறமும் உரிமை பேசலாம். எல்லையில் சந்தேகம் இருந்தால் வட்ட நில அளவையரை வைத்து முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். "முப்பது வருடமாக அந்தச் சந்தில் நின்றுதான் வெள்ளையடிக்கிறோம், அனுபவ உரிமை வந்துவிட்டது" என்று வக்கீல் நோட்டீஸில் எழுதிவிடுகிறார்கள். பல ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் கேட்டுவிட்டுப் போனது வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வெறும் அனுமதி. அனுமதி எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமையாக முற்றாது. 2012-ல் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அனுபவ உரிமையை விட்டுவிட்டு, பாகப்பிரிவினையால் வந்த அவசியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவசியம் என்றால் சௌகரியம் அல்ல, வேறு வழியே இல்லை என்ற நிலை. "மாடியிலிருந்து தொட்டில் தொங்கவிட்டுப் பூசலாமே" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதிலை ஒரு சிவில் பொறியாளரின் குறிப்பில் வாங்கி வையுங்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் கைப்பிடிச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் நிற்பது. தொட்டிலின் பாரத்தை அதில் மாட்டினால் சுவரே பெயர்ந்து அவர் சந்தில் விழலாம். பொறியாளர் நேரில் பார்த்து, அளந்து, படத்தோடு எழுதினால்தான் இதற்கு மதிப்பு.

அதே குறிப்பில் வேலையின் கால அட்டவணையும் வர வேண்டும். நீதிமன்றமோ சமரச மேசையோ, உங்களிடம் கேட்கப்போவது "எத்தனை நாள், எத்தனை அடி?" என்பதுதான். 42 அடிக்கு 13 அடி என்றால் 546 சதுர அடி. பழைய பூச்சைக் கொத்தி எடுக்க 2 நாள். உப்புப் பூத்த இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, சாந்து உதிர்ந்த செங்கல் இணைப்புகளை அடைக்க 1 நாள். பூச 3 நாள். சாரம் கட்டிப் பிரிக்க 1 நாள். ஆக முதல் கட்டம் 7 நாள். பிறகு 7 நாள் சுவரை ஈரமாக வைத்திருக்க வேண்டும். இதற்குச் சாரம் வேண்டாம், உங்கள் மாடியிலிருந்தே குழாய் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாம். பூச்சு நன்றாகக் காய மொத்தம் 28 நாளாவது விட்டு, இரண்டாம் கட்டமாக 5 நாளில் பிரைமர் ஒரு கோட், எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட். அவர் மண்ணில் நீங்கள் இருக்கப்போவது மொத்தம் 12 நாள்தான். "ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்" என்று வாயால் சொன்னால் யாரும் மறுப்பார்கள். இந்தக் கணக்கைக் காகிதத்தில் காட்டினால் மறுப்பது கடினம்.

இரண்டு கட்டம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "பத்து நாள் அனுமதி" என்று ஒரே வரியில் எழுதி வாங்கியவர்கள், பூச்சு முடிந்து வர்ணம் அடிக்கப் போகும்போது மறுபடி கதவைத் தட்ட வேண்டிவரும். பொறுக்காமல் ஈரப் பூச்சின் மேலேயே எமல்ஷன் அடித்தால் அது கொப்பளித்து உரியும். கலவையும் அப்படித்தான். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் மேல் 1:3 சிமென்ட் பூச்சு போட்டால் உள் ஈரம் வெளியேற முடியாமல் உப்போடு சேர்ந்து பூச்சைத் தள்ளிவிடும். கடற்காற்று அடிக்கும் ஊரில் சில மழைக்காலத்திலேயே பெயரும். சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்ற மென்மையான கலவை போதும். இந்தச் சுவருக்குச் சுமார் 6 மூட்டை சிமென்ட், கொள்ளளவில் அதே பங்கு சுண்ணாம்பு, 50 கன அடி மணல் பிடிக்கும். உப்பு மணல் கூடாது. அனுமதி இன்னொரு முறை கிடைக்குமா என்பது தெரியாத நிலையில், நிலைக்கிற மாதிரி ஒரே தடவையில் செய்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இனி அவரிடம் பேச வேண்டும். பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி ஒத்துக்கொண்டால், வாய்வார்த்தையோடு விடாதீர்கள். அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி சாரம் போடும் அனுமதியை அவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஏனென்றால் சாரம் நிரந்தரக் கட்டுமானம் அல்ல. ரத்து செய்தால் பொருட்களை எடுத்துச் செல்ல நியாயமான அவகாசம் மட்டும் 63-ஆம் பிரிவில் கிடைக்கும். ஆனால் அனுமதிக்குப் பணம் கொடுத்திருந்தால் கதை வேறு: உங்கள் தவறு இல்லாமல் நடுவில் வெளியேற்றினால் 64-ஆம் பிரிவு உங்களுக்கு இழப்பீடு தருகிறது. அதனால் சிறிய தொகையாவது, இடவாடகை என்று எழுதி, வங்கி வழியாகக் கொடுங்கள். தம்பியிடம் பணமா என்று கூச்சப்பட வேண்டாம். அந்தத் தொகை இருவரையும் சொன்ன சொல்லில் நிறுத்தும்.

ஒப்பந்தத்தில் வர வேண்டியவை இவை. இரண்டு கட்டத் தேதிகள், மழை பெய்தால் அத்தனை நாள் நீட்டிப்பு. சுவரில் ஓட்டை போடாத இரட்டைச் சாரம், அகலம் 3 அடிக்கு மிகாமல். மீதி 3 அடியில் அவர் நடக்கவும் வண்டி தள்ளவும் வழி. தரையில் தார்ப்பாய், பக்கவாட்டில் பச்சை வலை. இடைப்பட்ட நாட்களில் சுவரில் அடிக்கும் தண்ணீர் சந்தில் வடியும் என்ற ஒப்புதல். தினமும் மாலையில் கழிவை அள்ளுவது. முடிந்ததும் சந்தைப் பழையபடி ஒப்படைப்பது, முன்னும் பின்னும் எடுத்த படங்களில் இருவரும் கையெழுத்திடுவது. 59-ஆம் பிரிவின்படி மனையை வாங்குபவரை இந்த அனுமதி கட்டுப்படுத்தாது. விற்பனைப் பேச்சு காதில் விழுந்தால் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அவர் மசியாவிட்டால், பொறியாளர் குறிப்பின் நகலோடு ஒப்புகை அட்டையுடன் கூடிய விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சுவர் சரிந்தால் அவர் பக்கம்தான் ஆபத்து என்பதையும், தடுப்பது அவர் என்பதையும் அதில் பதிவு செய்யுங்கள். நாளை விழுந்து சேதமானால் இழப்பீடு கேட்கும் அவர் வாதத்தை இது வலுவிழக்கச் செய்யும். நோட்டீஸ் போகும் அன்றே மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போட்டுவிடுங்கள். அது 90 நாள் நிற்கும். போடாவிட்டால் அவர் முந்திக்கொண்டு, நீங்கள் இல்லாமலே உங்களுக்கு எதிராக இடைக்காலத் தடை வாங்கிவிட முடியும்.

வழக்குக்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துப் பாருங்கள். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அது நடத்தும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் எழுதப்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. 12 நாள் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கும் முடியாவிட்டால் உரிமை விளம்புகையும் (உங்களுக்கு உரிமை உண்டு என்ற அறிவிப்பு), வேலைக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) கேட்டு வழக்கு. இடைக்கால மனுவில் "இப்போதே சாரம் போட உத்தரவிடுங்கள்" என்று கேட்பதைவிட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் ஆணை 9-ஆம் விதியில் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, பொறியாளரோடு சுவரைப் பார்வையிடச் சொல்லிக் கேளுங்கள். இறுதியில் தரவேண்டியதை ஆரம்பத்திலேயே தர நீதிமன்றங்கள் தயங்கும். ஆணையரின் அறிக்கை வந்தபின் அந்தத் தயக்கம் குறையும்.

தகரச் சாய்ப்பை அதே வழக்கில் சேருங்கள். உங்கள் சுவரில் அனுமதியின்றி ஆங்கிள் அடித்தது அத்துமீறல். துருப்பிடிக்கும் இரும்பு பருத்துச் செங்கலைப் பிளக்கும், தகரத்தின் தண்ணீர் சுவரில் இறங்கும். அதை எடுக்காமல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அந்தப் பகுதி முதலில் உரியும். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) 39-ஆம் பிரிவில் அகற்றும்படி கட்டளை கேட்கலாம். போட்டு மூன்றாண்டு ஆவதற்குள் வழக்கு போடுங்கள். கடந்தால் காலவரையறையைக் காட்டி எதிர்ப்பார்கள், தொடரும் தீங்கு என்று நீங்கள் மல்லுக்கட்ட வேண்டிவரும். நீங்களே பிடுங்கி எறியாதீர்கள். சேதம் விளைவித்ததாக அவர் புகார் கொடுக்க அதுவே போதும்.

வேலை நடக்கும்போது சுவரின் உருவை மாற்றாதீர்கள். சன்னலைப் பெரிதாக்குவதும் சன்ஷேடை நீட்டுவதும் அவர் மனை தாங்கும் உரிமைச் சுமையைக் கூட்டும், வசதியுரிமைச் சட்டம் 43-ஆம் பிரிவில் உரிமையே போகும் ஆபத்து உண்டு. பழைய கனத்திலேயே, ஏறத்தாழ 20 மில்லிமீட்டரில் பூசுங்கள். எல்லைச் சுவரில் எலிவேஷன் டைல்ஸ் ஒட்டினால் அந்த ஓர் அங்குலம் அவர் மண்ணின் மேல் நிற்கும்.

கொத்தனாரையும் சித்தாளையும் நீங்களே நேரடியாக வைப்பதால் விபத்துப் பொறுப்பும் உங்களிடம் வரும். வேலையில் அடிபட்டால் அவர்கள் உங்களிடம் இழப்பீடு கேட்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சுவரை ஒட்டி மின் சர்வீஸ் வயர் போனால், சாரம் கட்டும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வாங்குங்கள். சாரக் கம்பு ஈரமாக இருக்கும் நாட்களில் அதுவே பெரிய அபாயம்.