கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

தங்கச்சி, உங்கள் ஐந்து வயது மகள் "கிணற்றுக்குள்ள தண்ணி எங்கயிருந்து வருது?" என்று நாள் முழுக்கக் கேட்கிறாள், பதில் தெரியவில்லை, ரியூசனுக்கு விடட்டுமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அவளுக்கான பாடம் உங்கள் வளவிலேயே கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி அடியில் தேங்குகிறது. அதுதான் கிணற்றில் ஊறுகிறது. இதைச் சொல்லாமல் செய்து காட்டுங்கள். ஒரு சுண்ணக்கல்லில் வினாகிரி விடச் சொல்லுங்கள், நுரைக்கும். "கல்லு கரையுதா?" என்று அவளே கேட்பாள். மழைத் தண்ணீரும் இப்படித்தான், மிக மெதுவாக, கல்லைக் கரைத்து வழி உண்டாக்குகிறது என்று சொல்லுங்கள். என் மகன் அன்று முற்றத்துக் கல் எல்லாவற்றையும் சோதித்து அரைப் போத்தலை முடித்தான். நான் தடுக்கவில்லை.

பிறகு, கயிற்றில் கல் கட்டி இறக்கி, தண்ணீர் தொடும்வரை எத்தனை சாண் என்று ஞாயிறுதோறும் கொப்பியில் குறிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு மட்டம் ஏறுவதை அவளே காண்பாள். கிணற்றடிக்கு மட்டும் ஒருபோதும் தனியே விடாதீர்கள்.

தெரியாததை "எனக்கும் தெரியாது, பார்ப்போம்" என்றே சொல்லுங்கள். லீவு நாளில் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்கும் கூட்டிப் போங்கள். அங்கே மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். வீடு வரும்வரை ஏன் என்று கேட்டுக்கொண்டே வருவாள்.