காப்பகத்துல ஏன் ‘இப்போ இடமில்ல’ன்னு சொல்றாங்க? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள்ல முக்காவாசி விலங்கு காப்பகம் பத்தியும் வாயில்லா ஜீவனுங்களுக்கு நடக்கற கொடுமை பத்தியும்தான். சிலர் ரொம்பக் கோபமா எழுதியிருக்கீங்க, அதுவும் அக்கறையில வந்த கோபம்தானே, அதனால அந்தக் கேள்வியையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: தெருவுல கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டு காப்பகத்துக்குப் போனேன். இடமில்லன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு சின்னக் குட்டிக்குக் கூடவா இடம் இருக்காது? இரக்கம் இல்லாதவங்க எதுக்கு காப்பகம் நடத்தணும்?

பதில்: கையில ஒரு உயிரை வச்சுக்கிட்டு அப்படித் திரும்பி வர்றது எவ்வளவு கஷ்டம்னு தெரியும் சகோதரி. ஆனா கேட்டுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், அப்புறம் நீங்களே யோசிச்சுப் பாருங்க. புதுசா வர்ற குட்டியை நேரா மத்த குட்டிங்களோட விட முடியாது, தனியா வைக்கணும், முக்கியமான காரணம் நாய்களைத் தாக்கற பார்வோன்ற வைரஸ். அந்த வைரஸ் உடம்புக்குள்ள போனா பெரும்பாலும் 3 நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது, குட்டி நல்லா ஓடியாடிக்கிட்டு இருக்கும், திடீர்னு சுருண்டு படுக்கும், வாந்தி, ரத்தமா பேதி, தடுப்பூசி போடாத குட்டின்னா வைத்தியம் பார்க்கலேன்னா பிழைக்கறதே அபூர்வம். அதைவிட மோசம் என்னன்னா அந்த வைரஸ் தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல, சில இடத்துல வருஷம் தாண்டியும் அப்படியே கிடக்கும், சாதாரண சோப்பு, கைக்குப் போடற சானிடைசர் எதுக்கும் அசையாது. தரையை முதல்ல அழுக்கு போகத் தேச்சுக் கழுவிட்டு, 1 பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிஷம் ஈரமாவே விட்டாத்தான் போகும். அவசரத்துல தனி இடம் இல்லாம ஒரு குட்டியை உள்ள எடுத்தோம்னா ஏற்கனவே தேறிக்கிட்டு இருக்கற பத்து குட்டி போயிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 15 நிமிஷம், அதுல 9 நிமிஷம் கூண்டு சுத்தம் பண்ண, 6 நிமிஷம் தீனி வைக்கன்னு அமெரிக்காவுல காப்பகங்களுக்கு ஒரு அளவு சொல்லி வச்சிருக்காங்க. அப்போ 40 நாய் இருந்தா 10 மணி நேரம் வெறும் சுத்தத்துக்கும் சாப்பாட்டுக்குமே சரியாப்போச்சு, மருந்து போடறது, கட்டு மாத்தறது, வெளிய நடத்திக் கூட்டிட்டுப் போறது, கொஞ்ச நேரம் பக்கத்துல உட்கார்றது எதுவும் அதுல சேராது. கூண்டு காலியா இருந்தாலும் பார்க்க ஆள் இல்லேன்னா அது இடமே இல்ல. வர்றதையெல்லாம் எடுத்துக்கிட்டே போய் கடைசியில நூறு ஜீவன் அழுக்குலயும் நோயிலயும் கிடக்கற இடங்களும் இருக்கு, அதுவும் கொடுமைதான், நல்ல மனசோட ஆரம்பிச்சதா இருந்தாலும்.

அடுத்த தடவை இப்படி ஆனா ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்க: ‘நான் என் வீட்டுல கொஞ்ச நாள் வச்சுக்கறேன், தடுப்பூசி, மருந்து, தத்துக்கு ஆள் தேடறது நீங்க பண்ணுவீங்களா?’ நிறைய காப்பகம் இதுக்கு உடனே சரின்னு சொல்லும். ஃபாஸ்டர்னு சொல்றது இதைத்தான், ஒரு குட்டிக்கு கூண்டைவிட ஒரு வீட்டு மூலை எவ்வளவோ மேல்.

கேள்வி: மாடிப்படி கீழே கண்ணு திறக்காத நாலு பூனைக்குட்டி. தாயைக் காணோம். காப்பகத்துக்கு போன் பண்ணா ‘தொடாம விடுங்க, பார்த்துட்டுச் சொல்லுங்க’ன்றாங்க. பசியில செத்துடாதா?

பதில்: அவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க. தாய்ப்பூனை இரை தேடிப் போனா சில மணி நேரம் வராது, நீங்க பக்கத்துலயே நின்னா இன்னும் வராது. குட்டிங்க கதகதப்பா, வயிறு உப்பினாப்ல, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துத் தூங்குதுன்னா தாய் வந்து போகுதுன்னு அர்த்தம். சந்தேகமா இருந்தா சுத்தி மாவை மெல்லிசா ஒரு வட்டம் தூவி வச்சுட்டு வந்துடுங்க, அப்புறமா போய்ப் பார்த்தா காலடித் தடம் காட்டிக் கொடுத்துடும். மனுஷங்க தொட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றாங்களே, அப்படியெல்லாம் பூனை சுலபமா ஒதுக்காது.

நிஜமாவே தாய் வரல, குட்டி ஜில்லுன்னு இருக்கு, விடாம கத்துதுன்னா அப்போ எடுத்தே ஆகணும். ஆனா எடுத்ததும் பால் கொடுக்காதீங்க, முதல்ல சூடு. துணி சுத்தின வெந்நீர் பாட்டில் பக்கத்துல வச்சு உடம்பு கதகதப்பான பிறகுதான் தீனி, ஜில்லுன்னு இருக்கற குட்டிக்கு உள்ள போனது செரிக்காது. மாட்டுப்பால் வேண்டாம், பேதியாகும், பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு. மல்லாக்கப் போட்டு ஊட்டினா நுரையீரலுக்குள்ள போயிடும், குப்புறப் படுத்த வாக்குலயே கொடுங்க. முதல் மூணு வாரம் குட்டியால தானா ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போக முடியாது, தாய் நக்கி விடற மாதிரி ஈரப் பஞ்சால மெதுவா ஒத்தி விடணும், இது தெரியாமலேயே நிறைய பேர் குட்டியை இழந்துடறாங்க.

கேள்வி: பக்கத்து வீட்டு நாயை நாள் முழுக்க குட்டைச் சங்கிலியில வெயில்ல கட்டிப் போடறாங்க. தண்ணிகூட பாதி நேரம் இருக்காது. அடிக்கறதை நான் பார்த்ததில்ல. அடிக்கலேன்னா அது கொடுமையில வராதா? ராத்திரி போய் அவுத்து விட்டுடலாமான்னு தோணுது.

பதில்: கண்டிப்பா வரும் தம்பி. அடிக்கறது, வெந்நீர் ஊத்தறது, விஷம் வைக்கறதுதான் கொடுமைன்னு நினைக்கறோம், அது வெளிய தெரியறது. எங்ககிட்ட வர்றதுல அதிகம் பட்டினி, தாகம், வைத்தியம் பார்க்காத புண்ணு, குட்டியா இருக்கும்போது மாட்டின காலர் நாய் வளர வளர கழுத்துச் சதைக்குள்ளேயே போய்ப் புதைஞ்சு கிடக்கறது, இப்படித்தான். யாரும் கையை ஓங்கவே இல்ல, ஆனா அந்த நாய் பட்டது சாதாரண வேதனை இல்ல.

1965-ல இங்கிலாந்துல பண்ணை விலங்குகளுக்காகப் போட்ட ஒரு கமிட்டி, ஒரு ஜீவனால எழுந்து நிக்க, படுக்க, திரும்ப, தன்னைச் சுத்தம் பண்ணிக்க, கை காலை நீட்டவாவது முடியணும்னு எழுதிச்சு. 1979-ல அதையே விரிச்சு அஞ்சு விடுதலைன்னு வச்சாங்க: பசி தாகம் இல்லாம, வசதிக்குறைவு இல்லாம, வலி நோய் இல்லாம, தன் இயல்புப்படி நடந்துக்கற மாதிரி, பயம் இல்லாம. நீங்க எழுதினதை இந்த அஞ்சோட வச்சுப் பாருங்க, அந்த நாய்க்கு எத்தனை கிடைக்குது?

ஆனா ராத்திரி அவுத்து விடாதீங்க, ப்ளீஸ். அது வண்டியில அடிபடலாம், உங்க மேல திருட்டுப் புகார் வரலாம், நாய் திரும்ப அதே சங்கிலிக்குத்தான் போகும், புகார் கொடுக்க வேண்டிய நீங்க குற்றவாளி ஆயிடுவீங்க. உங்க வீட்டுல நின்னே போட்டோ, வீடியோ எடுங்க, வெயில், சங்கிலியோட நீளம், காலிப் பாத்திரம் எல்லாம் ஒரே ஃப்ரேம்ல தெரியற மாதிரி. ஒரு நோட்டுல தேதி, மணி போட்டு குறிச்சு வைங்க, ஒரு நாள் படம் எடுத்தா ‘அன்னைக்கு மட்டும் மறந்துட்டோம்’னு சொல்லிடுவாங்க, ரெண்டு வாரக் குறிப்பு இருந்தா சொல்ல முடியாது. அதை க்ரூப்ல எல்லாம் ஃபார்வர்டு பண்ணாதீங்க, வீடியோ பரவின மறுநாள் நாயைக் கண் காணாத இடத்துல கொண்டு போய் விட்டுடறவங்க இருக்காங்க. காப்பகத்துக்கோ விலங்கு வதைத் தடுப்பு அமைப்புக்கோ போலீஸுக்கோ எழுத்துல கொடுங்க, கொடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கிக்குங்க. நாயை மீட்டாங்கன்னா வைத்தியத்துக்கு முன்னாடியே போட்டோ எடுத்து, வெட், அதாவது கால்நடை டாக்டர், எழுத்துல ரிப்போர்ட் கொடுக்கணும், எடையும் உடம்பு நிலையும் அதுல இருக்கணும். புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுப் போட்ட பிறகு எடுத்த படம் வழக்குல பெருசா நிக்காது.

இன்னொண்ணு. சில வீடுகள்ல நிஜமாவே தெரியாமதான் பண்றாங்க. காப்பகத்து ஆள் போய் உட்கார்ந்து பேசி, நிழலுக்கு ஒரு கூரை போட்டு, நீளமான கயிறு வாங்கிக் கொடுத்து, தினம் ரெண்டு வேளை நடத்திக் கூட்டிட்டுப் போகச் சொன்னதுல சரியான கேஸ் நிறைய உண்டு. கேஸ் போடறதுக்கு முன்னாடி இந்த வழியை நாங்க பார்ப்போம், அடி உதை இருந்தா மட்டும் பேச்சே கிடையாது, நேரா புகார்தான்.

கேள்வி: என் பையனுக்கு எட்டு வயசு. நாய்க்குட்டி மேல கல்லெறியறான், பூனை வாலைப் பிடிச்சுத் தூக்கறான். கேட்டா சிரிக்கறான். ‘பசங்கன்னா அப்படித்தான்’னு வீட்டுல சொல்றாங்க. விட்டுடலாமா?

பதில்: விட்டுடாதீங்கம்மா, அதே சமயம் பயந்தும் போயிடாதீங்க. சின்னக் குழந்தை தெரியாம இறுக்கிப் பிடிக்கறது வேற, எட்டு வயசுல வலிக்குதுன்னு தெரிஞ்சும் திரும்பத் திரும்பப் பண்றது வேற. அடிச்சுத் திருத்தப் பார்க்காதீங்க, பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடிக்கலாம்னுதான் அதுலயும் கத்துக்குவான். கூடவே உட்கார வச்சு, காது பின்னாடி மடங்கினா பயம், வாலைக் காலுக்கு நடுவுல சொருகினா பயம்னு காட்டுங்க, தண்ணி வைக்கற பொறுப்பை அவன்கிட்ட கொடுங்க, நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. அப்பவும் நிக்கலேன்னா, ஒளிஞ்சு ஒளிஞ்சு பண்றான்னா, குழந்தை மனநல டாக்டரைப் பாருங்க. அவனை யாராவது அடிக்கறாங்களா மிரட்டறாங்களான்னும் பார்க்கணும், ஏன்னா விலங்குக்கு நடக்கற கொடுமையும் வீட்டுக்குள்ள நடக்கற வன்முறையும் பல சமயம் ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கு. அமெரிக்காவோட மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2016-ல இருந்து விலங்கு வதையைத் தனிக் குற்றமாவே பதிவு பண்ண ஆரம்பிச்சதுக்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணம். வீட்டுல அடி தாங்காம வெளியேற நினைக்கற பெண்கள், நாயையோ பூனையையோ விட்டுட்டுப் போனா அதை என்ன பண்ணுவாங்களோன்னு பயந்தே தங்கிடறதும் உண்டு, அவங்களோட செல்லங்களைத் தற்காலிகமா வச்சுப் பார்த்துக்கற காப்பகங்கள் பல நாட்டுல இருக்கு.

கேள்வி: தெருநாயைப் பிடிச்சு ஆபரேஷன் பண்ணி திரும்ப அதே தெருவுல விடறீங்க. ஆபரேஷன் பண்றதே கொடுமை இல்லையா? விடறதுன்னா எதுக்குப் பிடிக்கணும்?

பதில்: மயக்க மருந்து கொடுத்துதான் பண்றாங்க ஐயா, பிறகு வலிக்கு மருந்து உண்டு, புண்ணு ஆறின பிறகுதான் விடணும், அப்படி விடாத இடம் இருந்தா அதை நீங்க தாராளமா கேளுங்க. ஒரு பெண் நாய்க்கு சினைக்காலம் கிட்டத்தட்ட 63 நாள்தான், வருஷத்துக்கு ரெண்டு ஈத்து கூட போடும், அதுல பாதிக்கு மேல குட்டி பசியிலயும் சக்கரத்துலயும் போறதைப் பார்க்கறவங்களுக்கு எது கொடுமைன்னு தெரியும். கர்ப்பப்பை சீழ் பிடிக்கற நோயும் ஆபரேஷன் ஆன நாய்க்கு வராது.

அதே இடத்துல ஏன் விடறோம்னா, ஆபரேஷனோட தடுப்பூசியும் போட்ட அந்த நாயை அகற்றினா சாப்பாடு கிடைக்கற இடம் காலியாத்தானே இருக்கும், பக்கத்துல இருந்து தடுப்பூசி போடாத புது நாய் வந்து உட்கார்ந்துடும். மனுஷங்களுக்கு வர்ற ரேபிஸ்ல 99% வரைக்கும் நாய் மூலமாதான் வருது, ஒரு பகுதியில 70% நாய்க்கு தடுப்பூசி போட்டா அந்தச் சங்கிலி அறுந்துடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காது நுனியில வெட்டு இருக்கற நாயைப் பார்த்தீங்கன்னா அது ஆபரேஷன் ஆனதுன்னு அடையாளம். எந்த நாய் கடிச்சாலும், அடையாளம் இருந்தாலும் சரி இல்லேன்னாலும் சரி, 15 நிமிஷம் ஓடற தண்ணியில சோப்பு போட்டுக் கழுவிட்டு உடனே ஊசிக்குப் போயிடுங்க.

கேள்வி: இந்த விலங்கு வதைத் தடுப்பெல்லாம் எப்போ ஆரம்பிச்சது?

பதில்: சட்டம்னு பார்த்தா 1822, பிரிட்டிஷ் பாராளுமன்றத்துல ரிச்சர்ட் மார்ட்டின் கொண்டு வந்தது, அதுல மாடு, குதிரை, ஆடு மட்டும்தான், நாய் வந்தது 1835-லதான். 1824-ல லண்டன்ல முதல் வதைத் தடுப்புச் சங்கம். 1860-ல மேரி டீல்பின்னு ஒரு அம்மா தொலைஞ்சு போன, பட்டினி கிடந்த நாய்களுக்கு ஒரு இல்லம் ஆரம்பிச்சாங்க, அப்போ பெரிய பத்திரிகையே கேலி பண்ணிச்சு, அந்த இல்லம் பாட்டர்சீன்ற பேர்ல இன்னைக்கும் நடக்குது.

கேள்வி: காப்பகத்துக்கு உதவணும்னு ஆசை. பணம் இல்ல, வீட்டுல வளர்க்கவும் விட மாட்டாங்க. நான் என்ன பண்ண முடியும்?

பதில்: பழைய துண்டு, போர்வை, நியூஸ்பேப்பர் இதுக்கெல்லாம் எப்பவுமே தட்டுப்பாடுதான், கொடுங்க. தத்துக்கு இருக்கற நாய்களை வெளிச்சத்துல நல்லா போட்டோ எடுத்துக் கொடுங்க, மங்கலான கூண்டுப் படத்தைப் பார்த்து யாரும் வர்றதில்ல. வாரத்துல ஒரு மணி நேரம் வந்தாலும் போதும், ஆனா அந்த ஒரு மணி நேரம் வாராவாரம் வரணும், நம்மளை நம்பி அட்டவணை போட்டிருப்பாங்க.

கேள்வி: காப்பகத்துல இருந்து மூணு வயசு நாயைத் தத்தெடுத்தோம். வந்ததுல இருந்து கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு, சரியா சாப்பிடல, எங்களைப் பார்த்தா நடுங்குது. எங்களைப் பிடிக்கலியா? திருப்பிக் கொடுத்துடலாமா?

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்க. அதுக்கு உங்களைத் தெரியவே தெரியாது, பிடிக்கறது பிடிக்காதது அப்புறம். காப்பகத்துக்காரங்க ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க: பயம் குறைய 3 நாள், வீட்டு வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம்ம வீடுன்னு ஆக 3 மாசம். அடி வாங்கின நாய்னா இதுக்கும் மேல ஆகும். கட்டிலுக்கு அடியில இருந்து இழுக்காதீங்க, குனிஞ்சு கண்ணைப் பார்க்காதீங்க, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டாதீங்க. ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துல சாப்பாட்டை வச்சுட்டு நகர்ந்துடுங்க, அதே ரூம்ல தரையில, அதுக்குப் பக்கவாட்டுல உட்கார்ந்து உங்க வேலையைப் பாருங்க, அது வந்து மோந்து பார்த்தாலும் கையை நீட்டாம இருங்க. துடைப்பம், பெல்ட், குடை இதையெல்லாம் பார்த்தா பதுங்குதான்னு கவனிச்சு, அதை அது கண்ணுல படாத இடத்துல வைங்க. முழுசா ஒரு நாள் ஒண்ணுமே சாப்பிடல, தண்ணியும் குடிக்கல, இல்ல வாந்தி பேதி இருக்குன்னா காத்திருக்காதீங்க, வெட்கிட்ட காட்டுங்க. காப்பகத்துக்கும் போன் பண்ணிச் சொல்லுங்க, அங்க அதுக்குப் பழகின ஒரு ஆள் இருப்பாங்க, முதல் கொஞ்ச நாள் அவங்க வந்து அரை மணி நேரம் கூட உட்கார்ந்தா பெரிய உதவியா இருக்கும்.