தேடலில் முதலில் வந்தது அரசுத் தளம்தானா?

கேள்வி: ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கடன் அட்டை வழியே பணமும் கட்டிவிட்டேன். அது தனியார் தளம் என்பதும், கட்டிய தொகை அரசுக் கட்டணத்தைப் போல் மூன்று மடங்கு என்பதும் மறுநாள்தான் தெரிந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் தாமதிக்கக் கூடாது. முதலில், உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று உரிய துறையிடம் கேளுங்கள். சேரவில்லை என்றால், பணம் வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யவில்லை என்ற வலுவான காரணத்தோடு அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இத்தகைய முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு என்பதால் இன்றே தொடங்குவது நல்லது.

விண்ணப்பம் சேர்ந்திருந்தால் நிலைமை சற்றுச் சிக்கலானது. தன் கட்டணத்தை வெளிப்படையாகச் சொல்லி விண்ணப்பத்தை நிரப்பித் தரும் இடைத்தரகர் பல நாடுகளில் சட்டத்துக்கு உட்பட்டவரே. ஆகவே அந்தத் தளத்தை மீண்டும் திறந்து, ‘எந்த அரசுத் துறையையும் சார்ந்ததன்று’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் வெளிர் சாம்பல் நிறச் சிற்றெழுத்தில்தான் அது இருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மேலே பளிச்சென்று தெரியும் சின்னத்தோடு சேர்த்துத் திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வையுங்கள். அரசு முத்திரையைப் போன்ற சின்னத்தை மேலே வைத்து உண்மையை அடியில் ஒளித்திருப்பது, நுகர்வோர் அமைப்பிடம் நீங்கள் காட்டக்கூடிய நல்ல சான்று.

இனிமேல் ஏமாறாமல் இருக்க, முகவரியைப் படிக்கும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். சில உலாவிகளில் முகவரிக்கு அருகே தெரியும் பூட்டுச் சின்னம், நீங்கள் அனுப்பும் தகவல் வழியில் களவு போகாது என்று மட்டுமே சொல்லும். அதைப் பெறுபவர் யார் என்று சொல்லாது. தளப் பெயருக்குப் பின் வரும் முதல் சாய்கோட்டிலிருந்து (/) இடப்பக்கமாகப் படியுங்கள். எடுத்துக்காட்டாக, ‘உரிமம்.கவ்.யூகே’ (urimam.gov.uk) என்று முடிந்தால் அது பிரிட்டன் அரசின் கீழ் வருவது, ‘கவ்.யூகே.உரிமம்.காம்’ (gov.uk.urimam.com) என்று முடிந்தால் அது ‘உரிமம்.காம்’ என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவருடையது.

இந்தக் குழப்பத்துக்கு மக்களின் கவனக்குறைவை மட்டும் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு துறையும் தனக்கெனத் தனிப் பெயரில், தனி வடிவில் தளம் வைத்திருந்தால் எது அசல் என்று குடிமக்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? பிரிட்டன் 2012-இல் தன் துறைகளை ஒரே தளத்தின் கீழ் கொண்டுவரத் தொடங்கியது. எஸ்டோனியாவில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற இணைப்பின் வழியே துறைகள் தமக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்வதால், ஒரு துறையிடம் ஏற்கெனவே உள்ள விவரத்தை மற்றொன்றுக்காக மீண்டும் நிரப்ப வேண்டிய தேவை குறைகிறது. நிரப்பும் வேலை குறைந்தால் நிரப்பித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்களுக்கும் இடம் குறையும். இவற்றையும் உரிமம் வழங்கும் துறைக்கு எழுதும் புகாரில் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தேடுசொல்லுக்கு அந்தத் தளம் வந்தது, அது விளம்பரமாக வந்ததா என்பதையும் குறிப்பிடுங்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் பதிவேற்றிய அடையாள ஆவணம்தான். அதை அழிக்கும்படி அந்தத் தளத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே கொடுத்த கடவுச்சொல்லை வேறெங்காவது பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்த சில மாதங்களுக்கு ‘உங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது’ என்று வரும் செய்திகளில் உள்ள இணைப்பை அழுத்தாமல், அரசுத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து நிலையைப் பாருங்கள்.