டின் டப்பாவில் மாம்பழ மிட்டாய்: எச்.எச்.சி. பற்றி ரீயூனியன் வாசகர்கள் கேட்டவை

என் மருந்துக்கடை கவுண்டரில் தாழ்ந்த குரலில் வரும் கேள்விகளில் பாதி இப்போது ஒரே மூன்றெழுத்தைச் சுற்றித்தான்: எச்.எச்.சி., கஞ்சாச் செடியில் தொடங்கி ஆய்வகத்தில் முடிகிற ஒரு போதைப்பொருள். இங்கே, இந்தப் பிரெஞ்சுத் தீவில், சொல்வது போலச் சொன்னால் "ஆஷ் ஆஷ் சே". வாசகர்கள் எழுதி அனுப்பியதும் அதையே. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

மகன் பையில் ஒரு சின்ன டின் இருந்தது. உள்ளே மாம்பழ நிறத்தில் ஜெல்லி மிட்டாய். "இது ஸமால் (இங்கே கஞ்சாவுக்குப் பெயர்) இல்லைம்மா, செடியிலிருந்து எடுத்தது, இயற்கை" என்கிறான். நம்பலாமா? (ஒரு அம்மா, செயின்ட் ஆந்த்ரே)

செடியில் தொடங்கியது என்பது வரை அவன் சொல்வது சரி. ஹெம்ப் என்கிற போதை குறைந்த கஞ்சா வகையிலிருந்து முதலில் சி.பி.டி. என்ற போதை தராத பொருளைப் பிரிப்பார்கள். அதை அமிலத்தோடு சேர்த்தால் டி.எச்.சி. ஆகிவிடும், அதாவது ஸமாலில் போதை தருகிற அதே பொருள். அப்புறம் பல்லேடியம் அல்லது பிளாட்டினம் தூள் போட்டு அதற்குள் ஹைட்ரஜனை ஏற்றுவார்கள். எண்ணெயை டால்டா ஆக்குகிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். டால்டாவை யாரும் எண்ணெய் வித்து என்று சொல்லி விற்பதில்லை. கஞ்சா விதையில் எச்.எச்.சி. இம்மியளவு இருப்பது உண்மை. ஆனால் அதை வைத்து ஒரு டப்பாவைக்கூட நிரப்ப முடியாது. பாதி செடி, பாதி ஆய்வகம் என்பதால்தான் இதைப் பகுதிச் செயற்கைப் பொருள் என்கிறோம்.

பொருளும் புதிதல்ல. அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸின் குழு 1940களிலேயே இதைச் செய்துவிட்டது. 2018இல் அமெரிக்கா ஹெம்ப் பயிரைச் சட்டபூர்வமாக்கியது. சி.பி.டி. மலையாகக் குவிந்து விலை விழுந்தது. விற்காத சரக்கை வேறு என்னவாக மாற்றலாம் என்று யோசித்தவர்கள் இந்தப் பழைய வழியைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஐரோப்பாவில் 2022 மே மாதம் டென்மார்க்கிலிருந்துதான் முதல் தகவல் வந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எச்.எச்.சி.யில் இரண்டு வடிவங்கள் உண்டு, ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுபவை. ஒன்று மூளையில் நன்றாக வேலை செய்யும், மற்றது பேருக்குத்தான். இரண்டும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பது ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் மாறும். ஆகவே டின்னில் "10 மி.கி." என்று அச்சடித்திருந்தாலும் போன மாத 10 வேறு, இந்த மாத 10 வேறு. இதே மாதிரி ஒரு டின்னை இன்னொரு அம்மா என்னிடம் கொண்டுவந்தார். மூடியில் இருந்த கியூ.ஆர். கட்டத்தைப் போனில் திறந்து பார்த்தோம். ஆய்வுச் சான்றிதழ் ஒன்று வந்தது, பார்க்க அழகாக. ஆனால் அதிலிருந்த தொகுப்பு எண் வேறு, டின்னின் அடியில் இருந்த எண் வேறு. பல்லேடியம், பிளாட்டினம் போன்ற வினையூக்கி உலோகம் மிச்சமிருக்கிறதா என்ற வரியே அதில் காணோம்.

கடையில் காசு கொடுத்து வாங்கியது, ரசீதும் வைத்திருக்கிறேன். என் மேல் என்ன வழக்குப் போட முடியும்? (செயின்ட் பியர்)

எப்போது வாங்கினீர்கள் ஐயா? 2023 ஜூன் 13 முதல் எச்.எச்.சி.யும் அதன் உறவினர்கள் இரண்டும் பிரான்சில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. ரீயூனியனும் பிரான்ஸ்தான், சட்டம் இங்கேயும் அதே நாளில் வந்துவிட்டது. அந்தத் தேதிக்கு முந்தைய ரசீது என்றாலும், பொருள் இன்று உங்கள் கையில் இருந்தால் ரசீதால் பயனில்லை. பயன்படுத்தினாலே ஓராண்டு வரை சிறை, 3,750 யூரோ வரை அபராதம் என்பது சட்டம். நடைமுறையில் பெரும்பாலும் 200 யூரோ அபராதச் சீட்டோடு முடிகிறது.

தடை வந்த அடுத்த வாரமே வேறு எழுத்துகளில் டப்பாக்கள் வந்தன: எச்4சி.பி.டி., டி.எச்.சி.பி., இன்னும் சில. அரசு ஒவ்வொன்றாகத் துரத்திப் பார்த்துவிட்டு, 2024 ஜூன் 3 முதல் மூலக்கூறின் எலும்புக்கூட்டையே குறிவைத்து ஒரு குடும்பத்தை மொத்தமாகத் தடுத்தது. 2025 மார்ச்சில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையமும் எச்.எச்.சி.யைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதனால் "எங்கள் சரக்கு புது மூலக்கூறு, சட்டத்துக்குள் வராது" என்று யாராவது சொன்னால் இரண்டு சந்தேகம் வரவேண்டும். சட்டத்துக்குள் வராது என்பது பொய்யாக இருக்கலாம். அது உண்மையாகவே இருந்தால், அந்தப் பொருளை எந்த மனிதரிடமும் இதுவரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிக பயம்.

பிரான்ஸ் பெருநிலத்திலிருந்து தபாலில் வரவழைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்தத் தீவுக்கு வரும் பார்சல் சுங்கத்தைத் தாண்டித்தான் வரும் என்பது வரி கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

எச்.எச்.சி.யும் "ஷிமிக்"கும் ஒன்றா? (மாணவர், செயின்ட் தெனி)

இல்லை. ஷிமிக் என்கிற செயற்கைக் கஞ்சா, மொரிஷியஸ்காரர்கள் சொல்லும் சிமிக், செடியின் வாசமே இல்லாமல் ஆய்வகத்தில் பிறந்தது. கேஸ் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையில் டி.எச்.சி. அந்தக் குமிழைப் பாதி திருப்பும், எச்.எச்.சி.யும் ஏறக்குறைய அப்படியே. ஷிமிக் கடைசி வரை திருப்பிவிடும். வலிப்பு, நினைவிழப்பு, சாவு எல்லாம் அங்கே அதிகம்.

ஆனால் மின்சிகரெட் திரவம் வாங்குகிறவர் இந்த வித்தியாசத்தை நம்பி இருக்க முடியாது. சி.பி.டி. என்று லேபிள் ஒட்டிய புட்டிகளில் ஷிமிக் வகைப் பொருட்கள் இருந்து, அதைப் புகைத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது பிரான்சில் நடந்திருக்கிறது. ஜெல்லி மிட்டாயும் விதிவிலக்கல்ல. 2023 நவம்பரில் டோக்கியோவில் ஒரு பூங்கா விழாவில் யாரோ கொடுத்த மிட்டாயைத் தின்றவர்கள் ஆம்புலன்சில் போனார்கள். அதில் இருந்தது எச்.எச்.சி.எச்., கடைசியில் ஓர் எழுத்து கூடுதல். அடுத்த மாதமே ஜப்பான் அதைத் தடை செய்தது.

பெயரின் முடிவில் "ஓ" இருந்தால் இன்னும் கவனம். அது அசிடேட். சூடாக்கினால் நுரையீரலை அரிக்கும் கீட்டீன் வாயு உருவாகலாம். 2019இல் அமெரிக்காவில் வேப் (மின்சிகரெட்) பிடித்தவர்களின் நுரையீரல் சிதைந்த நோய் அலையில் முக்கியக் குற்றவாளியாகச் சிக்கியதும் ஓர் அசிடேட்தான், வைட்டமின் ஈ அசிடேட். 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் பாதிப்பு, 68 சாவு.

பேரன் மிட்டாயை ஆயா தெரியாமல் தின்றுவிட்டார். நெஞ்சு படபடக்கிறது என்றார், தூங்கி எழுந்ததும் சரியானார். அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? (லெ போர்)

15 என்ற அவசர மருத்துவ எண்ணுக்கு அழைத்திருக்க வேண்டும், தூங்க விட்டிருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் முறிக்காது. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் தொழில் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர், போலீஸில் போட்டுக்கொடுக்க மாட்டார். வயதானவர்களிடம் படபடப்பை விட, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து விழுவதைத்தான் நான் பயப்படுவேன். சின்னக் குழந்தை தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று. டி.எச்.சி. மிட்டாய் ஏற அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். எச்.எச்.சி.யையும் அப்படியே எண்ணிக்கொள்ளுங்கள். "ஒன்றுமே ஆகலையே" என்று இரண்டாவதை வாயில் போடுகிறவர்கள்தான் பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள்.

நான் டிரைவர். சி.பி.டி. மட்டும்தான் எடுக்கிறேன், அது சட்டப்படி சரிதானே?

கடையில் விற்பது சரி. 0.3 சதவீதத்துக்குள் டி.எச்.சி. இருக்கலாம். ஆனால் உங்கள் எச்சிலில் அந்தத் துளி டி.எச்.சி. தெரிந்தால் குற்றம் குற்றம்தான் என்று பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 21இல் சொல்லிவிட்டது. எச்.எச்.சி. என்றால் பேச்சே இல்லை, அது போதைப்பொருள். சிறுநீர்ச் சோதனையில் அது கஞ்சாவாகக் காட்டுவதும் உண்டு. லைசென்ஸ்தான் சோறு போடுகிறது என்றால் இரண்டையும் விடுங்கள்.

மொரிஷியஸுக்கு அத்தை வீட்டுக்குப் போகும்போது பையில் வைக்கலாமா?

கூடாது. சி.பி.டி. எண்ணெயும் கூடாது.

மகன் தீமிதிக்குக் கரேம் (விரதம்) இருக்கிறான். கறி, மது எல்லாம் விட்டாச்சு. எச்.எச்.சி. வேப்பை மட்டும் விடவில்லை, "செடிதானே, விரதம் கெடாது" என்கிறான். (செயின்ட் ஆந்த்ரே)

விரதம் கெடுமா என்பதைப் பூசாரியிடம் கேளுங்கள், அது என் வேலையில்லை. உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். 18 நாள் குறைந்த சாப்பாடு. அன்றைக்கு வெறும் வயிறு, வெயில், குழியிலிருந்து வரும் அனல், மேளம். உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். எச்.எச்.சி. இதயத் துடிப்பை ஏற்றும், நிற்கும்போது தலைசுற்ற வைக்கும், தூரத்தையும் நேரத்தையும் தப்பாகக் காட்டும். பாண்டியாலே (திரௌபதி) அம்மன் முன்னால் பூக்குழியில் நடக்கிறவனுக்குக் கால் தடுமாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறிப்பாகக் கடைசி மூன்று நாள் வேண்டவே வேண்டாம். வேப்பை விட்டதால் தூக்கமில்லாமல் எரிச்சலாக இருக்கிறான் என்றால், குழியில் இறங்குவது பற்றியே பூசாரியிடம் மனம்விட்டுப் பேசட்டும்.

ஒரு வருடமாக இரவில் எச்.எச்.சி. வேப். நிறுத்தினால் தூக்கம் வருவதில்லை, வியர்க்கிறது, கெட்ட கனவு. அடிமையாகிவிட்டேனா? (இளம்பெண், செயின்ட் பியர்)

நீங்கள் எழுதியிருப்பது கஞ்சாவை நிறுத்துகிறவர்கள் சொல்லும் அதே பட்டியல். முதல் வாரம் கடினம், இரண்டாவது வாரத்தில் தணியும், கனவுகள் மட்டும் கொஞ்சம் இழுக்கும். இதனால் உயிருக்கு ஆபத்தில்லை. தூக்க மாத்திரையை அக்கா, பக்கத்து வீடு என்று யாரிடமும் வாங்கிப் போடாதீர்கள். அது இன்னொரு பழக்கம். இளைஞர்களுக்கான ஆலோசனை மையங்கள் தீவில் இருக்கின்றன. இலவசம், ரகசியம். போனில் பேசுவதென்றால் 0 800 23 13 13, அதுவும் இலவசம். அம்மாவுக்குத் தெரியாமல் போகலாம். அம்மாவே கவலையில் இருந்தால், நீங்கள் இல்லாமல் அவர் தனியாகப் போனாலும் உட்கார வைத்துப் பேசுவார்கள்.