நாய்க்கு முரட்டு ரத்தமா, கேட்காத காதா?

கேள்வி: ஒரு தரகரிடம் வாங்கிய ராஜபாளையம் நாய்க்கு இப்போது பத்து மாதம். பின்னால் யார் போனாலும் திரும்பிக் கவ்வுகிறது. நேற்று மாமியாரின் கையில் பல் பதிந்துவிட்டது. "அப்பன் முரடு, ரத்தம் அப்படி" என்கிறார் தரகர். என் கணவரின் முன்கோபத்துக்கும் மாமியார் இதையேதான் சொல்கிறார். நாயை விற்றுவிடலாமா? – வாசகி, மேலூர்

பதில்: முதலில் மாமியாரை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாய்க்கு ஊசி போட்டாயிற்று என்று தரகர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

குணம் வம்சத்தில் வரும், உண்மைதான். 1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் மரபியலர் திமித்ரி பெல்யாயெவ் பண்ணை நரிகளில் சாதுவானவற்றை மட்டும் இணைசேர்க்கத் தொடங்கினார். சில தலைமுறைகளிலேயே குட்டிகள் மனிதரைக் கண்டு வாலாட்டின. சீறும் நரிகளின் குட்டிகளைச் சாதுத் தாயிடம் வளர்த்தபோதும் அவை சீறின. ஆனால் அங்கே ஒவ்வொரு நரியையும் சோதித்துத் தேர்ந்தார்கள். உங்கள் தரகர் தாய்நாயையாவது காட்டினாரா?

தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்கவே கூடாது. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ மூன்று மாதம்வரைதான் குட்டி மனிதரோடு எளிதில் பழகும். அந்த நாட்களைக் கூண்டில் கழித்தது மிரண்டு கடிக்கும். அந்த மிரட்சியைத்தான் 'காவல் குணம்' என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். கையில் தரும் காகிதத்தில் பெற்றோரின் பெயர் இருக்கும், குணம் இருக்காது. அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று ஒவ்வொரு கடிபட்ட பிள்ளையைப் பார்க்கும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

'பின்னால் போனால்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நாய் முழு வெள்ளையா, மூக்கு இளஞ்சிவப்பா? அந்த நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவதுண்டு. காது கேட்காத நாய் திடுக்கிட்டால் கவ்வும். அது தூங்கும்போது எட்ட நின்று பாத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். தரையில் தட்டாதீர்கள், அதிர்விலேயே விழித்துவிடும். மின்விசிறி ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை, இரண்டு பக்கமிருந்தும் செய்யுங்கள். ஒரு காது கேட்டாலும் தலை திரும்பும் என்பதால், ஒருமுறை திரும்பியதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கணவரின் கோபத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மனிதரை யாரும் அப்படித் தேர்ந்து வளர்க்கவில்லை. சட்டென்று பாய்கிற மூர்க்கம் சிம்பன்சியைவிட மனிதரிடம் மிகவும் குறைவு என்கிறார் மானிடவியலர் ரிச்சர்ட் ராங்கம். கணவர் கை ஓங்குகிறார் என்றால் ரத்தத்தைக் காரணம் காட்ட விடாதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.

நாயை இப்போது விற்காதீர்கள், வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கலாம். இணைசேர்க்கவும் விடாதீர்கள். காது கேட்கவில்லை என்று தெரிந்தால், வீட்டில் எல்லோரும் அதன் முன்பக்கமாகவே வரட்டும். தூங்கும்போது தொடாமல், தரையைத் தட்டி எழுப்புங்கள்.