லீவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: என் கணவர் 14 வருடமாக ராணுவத்தில் இருக்கிறார், ஹவில்தார். இப்போது காஷ்மீரில் ஒரு போஸ்டில் ட்யூட்டி. இரண்டு மாதத்துக்கு முன் ரோந்து போனபோது, இவருக்கு முன்னால் நடந்த நண்பர் கண்ணிவெடியில் இறந்துவிட்டார். அதன்பிறகு போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. தூக்கமே இல்லை என்கிறார். போன வாரம் வீடியோ காலில் பேசும்போது எங்கள் வீட்டு குக்கர் விசில் அடித்தது. போனைக் கீழே போட்டுவிட்டார். டாக்டரிடம் காட்டச் சொன்னால், “கேட்டகரி போட்டுருவாங்க, ப்ரமோஷன் போயிரும், லீவுல வந்து பார்த்துக்கலாம்” என்கிறார். தீபாவளிக்குத்தான் லீவு, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் என்ன செய்வது?
- வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் கணவர் சொன்னதில் “லீவுல வந்து பார்த்துக்கலாம்” என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் பயம் நியாயமானது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் துப்பாக்கியோடு, தூக்கம் இல்லாமல், மூன்று மாதத்தை அவர் தனியாகக் கடக்கக் கூடாது.

முதலில், இது பி.டி.எஸ்.டி.தானா, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்தானா? கண்ணெதிரே ஒரு மரணத்தைப் பார்த்தவருக்கு முதல் சில வாரங்கள் கெட்ட கனவும் பதற்றமும் வருவது இயல்பு. பெரும்பாலானோருக்குத் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல் இருந்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் பி.டி.எஸ்.டி.யா என்று பார்க்க வேண்டும். நாங்கள் ஐந்து விஷயங்களைக் கேட்போம். அந்தச் சம்பவம் கனவிலோ நினைவிலோ வலிய வந்து நிற்கிறதா? அதை நினைக்காமல் இருக்க, அதை நினைவூட்டுகிற இடங்களைத் தவிர்க்கப் பாடுபடுகிறாரா? சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறாரா? மனிதர்களிடமிருந்து விலகி மரத்துப்போனதுபோல் இருக்கிறாரா? நடந்ததற்குத் தன்னையோ பிறரையோ பழிக்கிறாரா? இதில் மூன்று நான்குக்கு ‘ஆமாம்’ என்றால் மனநல மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. போஸ்டில் இருப்பவர் இலை அசைந்தாலும் விழித்துக்கொள்வது அவருடைய வேலை. அந்த எச்சரிக்கைதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே சென்ட்ரி (காவல்) ட்யூட்டியில் எப்படி இருக்கிறார் என்பதைவிட, ட்யூட்டி முடிந்த பிறகு எப்படி இருக்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பங்கருக்குள் வந்ததும் உடம்பு தளர்கிறதா, லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரா? குக்கர் விசில் கேட்டபோது அவர் பேசிக்கொண்டிருந்தது உங்களோடு. அன்றைய நாளில் அவருக்கு இருந்த மிகப் பாதுகாப்பான நேரம் அது. அப்போதும் உடம்பு அந்த எச்சரிக்கையிலிருந்து இறங்கி வரவில்லை என்பதால்தான் இதைக் கவனமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் இப்போதே, ஏன் அங்கேயே? முதல் உலகப் போரில் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை முதலில் வெகுதூரம் பின்னால் அனுப்பிவிட்டார்கள். பலர் பணிக்குத் திரும்பவே இல்லை. பிறகு போர்முனைக்கு அருகிலேயே ஓய்வு, தூக்கம், சூடான சாப்பாடு கொடுத்து, “நீ தேறிவிடுவாய்” என்று சொல்லிப் பார்த்துக்கொள்ளும் முறை வந்தது. 1982 லெபனான் போரில் மனம் உடைந்த இஸ்ரேல் வீரர்களை 20 ஆண்டு கழித்து ஆராய்ந்தபோதும், முன்னணியிலேயே கவனிக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். தன் ஆட்களுக்கு நடுவில் இருந்துகொண்டே தேறுவதற்கு ஒரு பலன் இருக்கிறது.

உங்கள் கணவர் போக வேண்டிய முதல் இடம் எம்.ஐ. ரூம், அதாவது யூனிட்டின் மருத்துவ அறை. அங்கே ஆர்.எம்.ஓ.விடம் (யூனிட் டாக்டரிடம்) “எனக்குப் பைத்தியமா” என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. “சார், ரெண்டு மாசமா தூக்கம் இல்லை, அன்னைக்கு நடந்தது கனவுல வருது” என்றால் போதும். அந்த டாக்டர் கட்டளை அதிகாரியிடம் பேசி, சில நாள் ஓய்வுக்கோ வேறு ட்யூட்டிக்கோ வழி செய்யலாம், தேவைப்பட்டால் ராணுவ மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்பலாம். நேரில் பேசத் தயக்கம் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ராணுவத்தினருக்காகவே இதன் தனிப் பிரிவு ஒன்று 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது.

கேட்டகரி, அதாவது மருத்துவத் தகுதியைக் குறைத்துப் போடுவது, அந்த விஷயத்தில் உங்களிடம் பூசி மெழுக மாட்டேன். ராணுவத்தின் ‘ஷேப்’ (SHAPE) என்ற மருத்துவத் தகுதி மதிப்பீட்டில் முதல் எழுத்து மனநலத்தைக் குறிப்பது. அதில் இறங்கினால் ஆயுத ட்யூட்டி, போஸ்டிங், ப்ரமோஷன் எல்லாவற்றையும் அது தொடலாம். ஆனால் எம்.ஐ. ரூமில் தூக்கம் இல்லை என்று சொன்ன உடனே கேட்டகரி விழுவதில்லை. விழுந்தாலும் முதலில் தற்காலிகம்தான். குணமாகி, மறுபரிசோதனைக்குப் பின் முழுத் தகுதியான ஷேப்-1க்குத் திரும்ப வழி உண்டு. சொல்லாமல் மறைத்து, ஒருநாள் ட்யூட்டியில் தவறு நேர்ந்தாலோ, குடித்துவிட்டு மேலதிகாரியிடம் கை ஓங்கினாலோ, அது ஒழுங்கு நடவடிக்கையாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் ஊனப் பென்ஷன் என்று வந்தால், நோய் பணியால் வந்ததா, பணியால் கூடியதா என்றுதான் பார்ப்பார்கள். சம்பவம் நடந்த காலத்திலேயே பதிவான மருத்துவக் குறிப்பு அப்போது பெரிய துணை.

லீவில் வந்து ரகசியமாக வெளி டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு போவதும் வேண்டாம். அல்பிரசோலம், டயஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்துவதில்லை. பழக்கமாகிவிடும், இரவுக் காவலில் கவனத்தையும் மழுக்கும். ரம்மும் அப்படித்தான். படுத்ததும் தூக்கம் வரும், பின்னிரவில் அதே கனவோடு எழுப்பிவிடும். உண்மையான சிகிச்சை, அந்த நினைவைப் பயிற்சி பெற்றவரோடு உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் பேச்சு சிகிச்சை. மருத்துவர் தேவை என்று கருதினால் செர்ட்ராலின் போன்ற மருந்து; அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும்.

அதுவரை அவர் செய்யக்கூடியவை சிறியவைதான். பகலில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத் தூக்கத்தையும் விடக் கூடாது. படுப்பதற்கு முன் ஐந்தாறு மணி நேரம் டீ வேண்டாம். பதற்றம் ஏறும்போது, இழுத்த மூச்சைவிட இரண்டு மடங்கு மெதுவாக வெளியே விட வேண்டும், ஐந்து நிமிடம்.

இனி உங்கள் பங்கு. “முன்னால நான் போயிருக்கணும்” என்று அவர் எப்போதாவது சொல்லக்கூடும். நண்பனை இழந்தவர்கள் பலரை அரிக்கிற குற்றவுணர்வு இது. அப்போது “விதி”, “மறந்துடுங்க” என்று அடைத்துவிடாதீர்கள். “அவரைப் பத்திச் சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். எந்த ஊர், என்ன சாப்பிடுவார், எப்படிச் சிரிப்பார் என்று. சம்பவத்தைத் துருவ வேண்டாம், இடத்தையும் ரோந்தையும் போனில் கேட்கவே வேண்டாம். அவர் பேசாவிட்டால் நீங்கள் பிள்ளையின் ஹோம்வொர்க்கைச் சொல்லுங்கள், மாடு கன்று போட்டதைச் சொல்லுங்கள். நில வழக்கு, கடன், மாமியார் சண்டை இருந்தால் இரவு ட்யூட்டிக்கு முன் கொட்டாதீர்கள். நிலத் தகராறு என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவருடைய யூனிட்டிலிருந்து கலெக்டருக்குக் கடிதம் எழுதவும் கேட்கலாம்.

“நான் இல்லாட்டியும் நீ பார்த்துக்குவே”, “இன்ஷூரன்ஸ் பேப்பர் அங்க இருக்கு” என்பதுபோல் வழக்கத்துக்கு மாறாகப் பேசினால், சாவைப் பற்றி நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உடனே அவருடைய கம்பெனி சுபேதாருக்கோ கூட இருக்கும் நண்பருக்கோ போன் செய்யுங்கள், இரவு எத்தனை மணி ஆனாலும். ஆயுதத்தை அவர் கையிலிருந்து விலக்கி, பக்கத்தில் ஆள் வைக்க அவர்களால்தான் முடியும். கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். அந்த எண்களை இன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளி லீவைப் பற்றியும் யோசியுங்கள். பட்டாசுச் சத்தம் அவருக்கு இந்த வருடம் பண்டிகையாக இருக்காது. தெருவை விட்டுத் தள்ளி, கொல்லை மேட்டிலோ உறவினர் தோட்டத்திலோ அந்த இரண்டு நாள் இருக்க முடியுமா என்று அவரையே கேளுங்கள். வந்த முதல் வாரம் குலதெய்வக் கோயில், துக்க வீடு என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம். தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். வாசல்படியில் நின்று, மெதுவாகக் குரல் கொடுங்கள். பிள்ளைக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.