பைபிள் வசனம் மனப்பாடமாகத் தெரிந்தும் பிள்ளை சோதனையில் விழுகிறானே, என்ன செய்வது?

பத்தாவது படிக்கும் மகன் வசனத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறான், ராத்திரி ஒரு மணிக்குப் போனும் கையுமாக இருக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் சத்துவாச்சாரியில் ஓய்வுநாள் பள்ளி, அதாவது பிள்ளைகளுக்கான பைபிள் வகுப்பு, எடுக்கிறேன். எங்கள் வகுப்பிலும் இதே கதைதான்.

முதலில் மத்தேயு 4-ஐ எடுங்கள். பிசாசின் மூன்று சோதனைக்கும் இயேசு உபாகமம் 6, 8-ஆம் அதிகாரங்களிலிருந்தே பதில் சொல்கிறார். ஆனால் பிசாசும் வசனம் சொல்கிறான், அதுவும் சங்கீதம் 91-லிருந்து! பிசாசு சொன்னதையும் சங்கீதத்தில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிள்ளைகளிடம் சொன்னேன். "உன் வழிகளிலெல்லாம்" என்ற வார்த்தையை அவன் விட்டுவிட்டதை ஒரு பெண் கண்டுபிடித்தாள். அன்று வகுப்பு முடிய அரை மணி நேரம் கூடுதலாக ஆனது. வசனம் தெரிவது வேறு, அது என்ன சொல்கிறது என்று தெரிவது வேறு என்பதை நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை.

இன்னொன்று, 'சோதனை' என்றால் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டகாலம் என்றுதான் அர்த்தம். பாவத்துக்கு இழுக்கும் ஆசையும் அதுதான் என்று சொல்லிவிடுங்கள்.

1 கொரிந்தியர் 10:13 தப்பிக்கொள்ளும் வழியைப் பற்றிப் பேசுகிறது. அந்த வழி எப்படி இருக்கும் என்பதற்கு ஆதியாகமம் 39: எஜமானின் மனைவி பாவத்துக்கு அழைத்து வஸ்திரத்தைப் பிடித்தபோது, யோசேப்பு நின்று வாதாடவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். "உன் வஸ்திரம் எது?" என்று கேட்டேன். ஒரு பையன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

உங்கள் வீட்டில் சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். உங்களுடைய போனும் அங்கேயே இருந்தால்தான் அவன் ஒத்துக்கொள்வான்.